கொல்கத்தா, ஞாயிறு: மழையும் இலீஷ் முள்ளும்

இன்றைய பதிவில் படங்கள் இல்லை. மதியம் ஃபோனுக்குள் தண்ணீர் போய்விட்டது. ராத்திரி அறைக்கு வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே துண்டை விரித்து அதைப் படுக்கவைத்தேன். பத்தரை மணிக்கு மேல்தான் திரையில் வெளிச்சம் வந்தது. கேமராவின் கண்ணாடிக்குள் இன்னும் ஈரம் பூத்திருக்கிறது. எழுத்து மட்டும் போதும் என்பவர்கள் தொடரலாம்.

கோரமண்டல் எக்ஸ்பிரஸில் சாலிமார் வந்து இறங்கி, காளிகாட் பக்கம் ஒரு விடுதியில் பையைப் போட்ட கதை நேற்றைய பதிவில் இருக்கிறது. இன்றைக்குப் போட்டிருந்த திட்டம் எளிமையானது. விடிந்ததும் டிரெட்டி பஜாரில் சீனக் காலைச் சாப்பாடு, பிறகு காலேஜ் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடைகள், மதியம் பைஸ் ஹோட்டல் என்கிற பழைய காலத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்று, சாயங்காலம் சிலை செய்யும் குமார்டுலி. எல்லா இடத்துக்கும் பக்கத்தில் ஒரே மெட்ரோ பாதை போகிறது. மெட்ரோ ஏறுவது, இறங்குவது, சாப்பிடுவது, அவ்வளவுதான் வேலை.

ஆகஸ்டில் இங்கே ஐந்தேகாலுக்கே சூரியன் எழுந்துவிடுகிறது. ஐந்தரை மணிக்கு ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்தைப் பார்த்து, எட்டு மணி ஆகிவிட்டது என்று பதறித்தான் எழுந்தேன். குளித்துக் கிளம்பி மெட்ரோ வாசலுக்குப் போனால் இரும்புக் கதவு இழுத்துப் பூட்டியிருக்கிறது. படியில் ஒரு நாய் தூங்குகிறது. பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் அடுக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "ரொபிபார், ரொபிபார்" என்று சொல்லி ஒன்பது விரலைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டியே ஒன்பது மணிக்குத்தானாம். 1984இல் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை ஓட ஆரம்பித்தது, நாட்டின் முதல் மெட்ரோ. வயதாகிவிட்டது, ஞாயிறு காலையில் கொஞ்சம் அசந்து தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள் போல.

டாக்சிதான் வழி. மஞ்சள் அம்பாசடர் ஒன்று கிடைத்தது. உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014லேயே அம்பாசடர் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பதினைந்து வருஷம் தாண்டிய வாடகை வண்டிகள் ஓடக் கூடாது என்பதால் இருப்பவையும் குறைந்துகொண்டே வருகின்றன. ஓட்டுநர் பீகார்க்காரர். என்னுடைய இந்தி தூர்தர்ஷன் காலத்து இந்தி, அதிலும் பாதி விளம்பரங்களில் கற்றது. இருந்தாலும் முந்நூறில் ஆரம்பித்த பேரத்தை இருநூற்றைம்பதில் முடித்துவிட்டேன். பின் இருக்கை, பாட்டி வீட்டு சோபாவைவிட அகலம். இடதுபக்க ஜன்னல் கண்ணாடி மட்டும் பாதியில் நின்றுபோயிருந்தது, மேலேயும் வராது, கீழேயும் போகாது. எல்கின் ரோடு தாண்டியதும் தூறல் ஆரம்பித்தது. இடது தோள் நனைந்தது. வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் பின்சக்கரம் தட் தட் என்று சத்தம் போட்டது.

பஞ்சர். சௌரங்கி சாலை ஓரம், எதிரே மைதானம். அவர் ஜாக்கியை எடுப்பதற்குள் நான் ஒரு டீக்கடையைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒரு வாய், கூட இன்னொரு அரை வாய் கொள்கிற மண் குவளை. இஞ்சி தட்டிப் போட்டு, பாலைக் காய்ச்சிக் காய்ச்சிச் சுண்டவைத்த டீ. ஒன்று குடித்தால் போதாது, அதனால் எல்லோரும் ரெண்டு குடிக்கிறார்கள். ஓட்டுநருக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன், அதற்கப்புறம் இந்தி தானாகச் சரளமாகிவிட்டது. மழையில் மைதானத்தில் பையன்கள் செருப்பில்லாமல் கால்பந்து ஆடுகிறார்கள். அவர்களுக்கு நடுவே ஆட்டு மந்தை ஒன்று மேய்கிறது. பந்து ஆட்டின் மேல் பட்டால் யாருக்குச் சாதகம் என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை. வேடிக்கை பார்த்ததில் நேரம் போனது தெரியவில்லை. போத்தார் கோர்ட் பக்கம் இறங்கும்போது மணி ஏழேகால்.

அதற்குள் டிரெட்டி பஜாரில் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே சந்தை நடத்திய எட்வர்ட் டிரெட்டா என்ற வெனிஸ்காரரின் பெயர்தான் இன்றுவரை நிலைத்துவிட்டது. சீனர்கள் நிறைந்திருந்த பகுதி. 1962 போருக்குப் பிறகு பலரை ராஜஸ்தானில் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். அதற்கப்புறம் வெளிநாடு போனவர்கள் நிறைய, ஊரின் கிழக்கே தாங்ரா பக்கம் போனவர்களும் உண்டு. இப்போது ஞாயிறு காலையில் நடைபாதையில் அலுமினிய அடுக்குகளை வைத்து விற்பவர்களில் சீன முகங்கள் கொஞ்சம்தான். வங்காளிகளும் நேபாளிகளும்தான் அதிகம்.

மீன் உருண்டை சூப் பானையைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார் ஒருவர். மோமோ தீர்ந்துவிட்டது. ஒரு பாட்டியின் அடுக்கில் மட்டும் பன்றி இறைச்சி வைத்து வேகவைத்த வெள்ளை பன் மிச்சம் இருந்தது. ரெண்டு வாங்கினேன். முதலாவதைக் கடித்ததும் உள்ளே இனிப்பும் உப்பும் கலந்த கறி, சூட்டில் நாக்கு பொத்துப்போனது. ரெண்டாவது ஆறட்டும் என்று காகிதத்தட்டில் வைத்து ஸ்கூட்டர் இருக்கை மேல் வைத்தேன். எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் ஒரு காகம் வந்து, பன்னை முழுசாகத் தூக்கிக்கொண்டு கம்பிமேல் போய் உட்கார்ந்தது. பாட்டி சிரித்த சிரிப்பில் அடுக்கு மூடி கீழே விழுந்தது. அடுப்பில் இருந்த கடைசி சூப்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி எனக்குக் கொடுத்து, காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார். உருண்டை ஒன்றுகூட இல்லை, வெறும் சாறு. மிளகும் வெங்காயத்தாளும் மிதந்தன. ஊரில் சளி பிடித்தால் வைக்கிற ரசத்துக்கு அது ஒன்றும் குறைவில்லை.

இங்கே சாப்பாடு எப்போதும் கிடைக்கும், ஆனால் எது எப்போது என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. எட்டு மணிக்கு மேல் சீனச் சாப்பாடு கிடையாது. பத்து, பத்தரைக்கு மேல் கொச்சுரி தேடினால் கடைக்காரர் சட்டியைத் துடைத்துக்கொண்டே நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். மதியச் சாப்பாட்டுக்கு மூன்று மணிவரை கெடு. ரோல் சாயங்காலத்துக்கு மேல்தான் சூடு பிடிக்கும். சரவண பவனில் காலை ஏழு மணிக்கும் ராத்திரி பத்து மணிக்கும் அதே தோசையைச் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு இது புது ஒழுங்கு. பிடித்தும் இருந்தது, அவசரமாகவும் இருந்தது.

அதனால் கொச்சுரிக்கு ஓடினேன். காலேஜ் ஸ்ட்ரீட் போகிற வழியில், இனிப்புக் கடை வாசலில் பெரிய இரும்புச் சட்டி. பெருங்காயம் போட்ட உளுந்துப் பூரணம் உள்ளே மெல்லிசாகத் தடவியிருக்கிறது. நம் பூரியைவிடச் சின்னது, பூரியைவிடக் கனம். இலைத் தொன்னையில் நான்கு, மேலே தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்குக் குழம்பு. கடலைப்பருப்பில் தேங்காய்ச் சில்லு போட்ட குழம்பும் உண்டு, கேட்டால் அதிலும் ஒரு கரண்டி ஊற்றுகிறார்கள். பிறகு ஜிலேபி. இங்கே எல்லாக் காரமும் இனிப்பில்தான் போய் முடிகிறது. குழம்பிலேயே சர்க்கரை இருக்கிறது. முதல் கவளத்தில் முகம் சுளித்தாலும் நான்காவதில் பழகிவிடுகிறது.

காலேஜ் ஸ்ட்ரீட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை அது தூங்குகிறது. இந்து கல்லூரியாக 1817இல் ஆரம்பித்த பிரெசிடென்சி ஒரு பக்கம், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு ஒரே வருஷம், 1857இல், பிறந்த கல்கத்தா பல்கலைக்கழகம் இன்னொரு பக்கம். இடையே நடைபாதை நெடுக வரிசையாகப் புத்தகப் பெட்டிக்கடைகள். எல்லாம் பூட்டு. கண்ணில் பட்ட ஒரே திறந்த கடையில் மருத்துவ நுழைவுத் தேர்வு வழிகாட்டிகள் மட்டும் மலைபோல் கிடந்தன. அவரும் மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் விரிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

காபி ஹவுஸ் மட்டும் காலையில் திறந்திருந்தது. முன்பு ஆல்பர்ட் ஹால் என்று பெயர் பெற்றிருந்த கட்டடம். உயரமான கூரை, அதிலிருந்து நீளமான கம்பிகளில் தொங்கும் மின்விசிறிகள், சுவரில் ஆளுயரத்துக்கு மேல் தாகூர். காபி போர்டு கைவிட நினைத்தபோது தொழிலாளர்களே கூட்டுறவாக எடுத்து நடத்த ஆரம்பித்த இடம், 1950களின் கடைசியிலிருந்து. வெள்ளைத் தலைப்பாகை கட்டிய பரிமாறுபவரிடம், பக்கத்து மேசையில் எல்லோரும் கேட்ட 'இன்ஃப்யூஷன்' ஒன்றைக் கேட்டேன். பாலில்லாத கறுப்புக் காபி. கும்பகோணத்துக் கடையில் டிகாஷன் எடுத்த வடிகட்டியை அலசினால் வருகிற தண்ணீர் ஞாபகம் வந்தது. சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குடித்தேன். இங்கே காபிக்காக யாரும் வரவில்லை என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடுகிறது. என் மேசையில் இடமில்லாமல் வந்து உட்கார்ந்த நாலு பெரியவர்கள் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கால்பந்துச் சண்டையை ஆரம்பித்து, நடுவில் என்னையும் எந்தக் கட்சி என்று கேட்டார்கள். "சென்னை" என்றேன். நால்வரும் சேர்ந்து என்மேல் இரக்கப்பட்டார்கள். ஒரே ஒரு காபியை வைத்துக்கொண்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. பன்னிரண்டரைக்கு நடுப்பகல் இடைவேளைக்குக் கடையைச் சாத்தும்போதுதான் எழுந்தோம்.

வெளியே வந்தால் வானம் மொத்தமாகக் கறுத்திருந்தது. மழை என்றால் நம் ஊர் வடகிழக்குப் பருவமழைபோல் இழுத்து இழுத்துப் பெய்யவில்லை. யாரோ மேலே தொட்டியைக் கவிழ்த்துவிட்டார்கள். பிதான் சரணி பக்கம் ஒரு பழைய வீட்டின் வளைவுக்குக் கீழே ஒதுங்கினேன். கூடவே டீக்கடைக்காரர், ஒரு அம்மா, அவள் பையன், ஒரு சைக்கிள், ரெண்டு ஆடு. அரை மணி நேரத்தில் தெரு ஓடையானது. முக்கால் மணியில் டிராம் தண்டவாளம் காணாமல் போனது. டந்தனியா காளி கோயிலைச் சுற்றியுள்ள இந்தப் பகுதி தண்ணீர் தேங்குவதற்கே பேர்போனது என்று டீக்கடைக்காரர் பெருமையாகவே சொன்னார்.

எப்போது வடியும் என்று கேட்டதற்குத்தான் இன்றைக்குக் கேட்டதிலேயே நல்ல பதில் கிடைத்தது. "ஜோயார் இறங்கட்டும்" என்றார். ஜோயார் என்றால் கடலேற்றம். கங்கையின் கிளையான ஹூக்ளியில் கடலின் ஏற்ற இறக்கம் ஊருக்குள்வரை தெரியும். ஆற்றில் நீர் ஏறுகிற நேரத்தில் சாக்கடைகள் போய்ச் சேரும் வாய்களில் மதகுகளை அடைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் ஆறு திரும்பி ஊருக்குள் வந்துவிடும். அந்தச் சமயம் பார்த்து மழை கொட்டினால் தெருத் தண்ணீருக்குப் போக வழியில்லை. ஏற்றம் இறங்கி, மதகைத் திறந்தபிறகுதான் வடியும். அவர் கையில் கடிகாரம் இல்லை. ஆனால் இன்றைக்கு எத்தனை மணிக்கு ஏற்றம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "நாலு மணி ஆகும்" என்றார்.

பைஸ் ஹோட்டலுக்கு மூன்று மணிதானே கெடு. இறங்கி நடந்தேன்.

முழங்கால்வரை தண்ணீர். பத்தடி தாண்டியிருக்க மாட்டேன், கண்ணுக்குத் தெரியாத தண்டவாளப் பள்ளத்தில் வலது கால் சிக்கி, இழுத்த இழுப்பில் செருப்பின் வார் அறுந்தது. குனிந்து துழாவும்போது சட்டைப் பையிலிருந்த ஃபோன் தானாகவே குதித்துவிட்டது. ஃபோன் கிடைத்தது. செருப்பு கிடைக்கவில்லை. அது இந்நேரம் கங்கையைப் பார்த்திருக்கும்.

கைரிக்‌ஷாவில் ஏறுவதில்லை என்று வரும்போதே நினைத்திருந்தேன். மனிதனை மனிதன் இழுக்கிற வண்டி. 2006இல் மாநிலச் சட்டமன்றம் இதை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்து, அது வழக்கில் மாட்டிக்கொண்டது. இன்னும் மத்திய, வடக்குக் கொல்கத்தாவில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இப்படித் தண்ணீர் நிற்கிற நாளில் காரும் ஆட்டோவும் நின்றுபோக, ஓடுவது இது ஒன்றுதான். ஒற்றைச் செருப்போடு நின்ற என்னருகில் வந்து, விரலில் மாட்டியிருந்த மணியை வண்டிக் கைப்பிடியில் டிங் டிங் என்று தட்டினார் ஒருவர். அறுபது வயதுக்குக் குறையாது. லுங்கியைத் தொடைவரை மடித்துக் கட்டியிருந்தார். நான் தயங்கியதைப் பார்த்து அவருக்கு எரிச்சல்தான் வந்தது. "உட்காரப் போகிறீர்களா இல்லையா, அடுத்த சவாரி இருக்கிறது" என்கிற தோரணை. ஏறினேன். உயரம் அதிகம், பின்னால் சாய்ந்துகொள்ள வேண்டும், முன்னால் குனிந்தால் வண்டி அவர்மேல் பாரமாக இறங்கும். அதை அவர் ஒரே வார்த்தையில், அதட்டிச் சொல்லிக்கொடுத்தார். சாதாரண நாளைவிட ரெண்டு மடங்கு கேட்டார், கொடுத்தேன். இப்படி ஒரு நாளுக்காகத்தானே அவர் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறார். ஏறியது சரியா என்று இப்போதும் எனக்குள் பதில் இல்லை. உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அவர் முதுகைப் பார்க்காமல் கடைப் பலகைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஹோட்டல் வாசலில் ரெண்டு படி ஏறினால்தான் கூடம், அதனால் உள்ளே தண்ணீர் இல்லை. மணி ரெண்டே முக்கால். வெறுங்காலோடு, முழங்கால்வரை சேறோடு வந்தவளைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை. உள்ளே இருந்த எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். ஒரு பைசாவுக்குச் சாப்பாடு போட்ட காலத்தில் வந்த பெயராம், பைஸ் ஹோட்டல். மாணவர்களும் குமாஸ்தாக்களும் தங்கியிருந்த விடுதிகளுக்குப் பக்கத்தில் வளர்ந்தவை. இன்றைய வகைகளும் விலையும் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியிருக்கும், சந்தையில் மீன் விலைக்கு ஏற்றபடி தினமும் மாறும். வாழையிலைக்குத் தனிக் காசு. எலுமிச்சைத் துண்டுக்குத் தனிக் காசு. மேசைக்கு மேசை நின்று, யார் என்ன வாங்கினார்கள் என்பதைப் பரிமாறுகிறவர் ஒரே மூச்சில் ராகமாக ஒப்பிக்க, கல்லாவில் இருப்பவர் எழுதிக்கொள்கிறார். நம் ஊர் மெஸ்ஸில் அளவில்லாச் சாப்பாடு என்று ஒரே விலை போட்டு, கணக்குப் பார்க்காமல் சாம்பார் ஊற்றுகிற பெருந்தன்மை இதில் இல்லை. ஆனால் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே பெஞ்சில் இடம் கொடுக்க இதுதான் நியாயமான வழி என்றும் பட்டது. சோறும் பருப்பும் மட்டும் வாங்கிச் சாப்பிட்டு எழுந்து போகலாம், யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை.

இலை போட்டார்கள். நான் பலகையைப் பார்த்து வேண்டியதை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். பரிமாறுகிறவர், "தீதி, முதலில் கசப்பு" என்று சொல்லி ஷுக்தோவை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டார். பாகற்காய், முருங்கைக்காய், வாழைக்காய், கத்தரிக்காய் எல்லாம் போட்டு, கொஞ்சம் பால் விட்டு, வெந்தும் வேகாத கசப்போடு ஒரு கூட்டு. அதைச் சோற்றில் பிசைந்து முடிக்கும்வரை அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முடிந்ததும் பருப்பு, கூட ஊசிபோல் அரிந்து பொரித்த உருளைக்கிழங்கு. அதுவும் முடிந்தபிறகுதான் மீன். நாம் இலையில் எல்லாவற்றையும் பரப்பிவைத்து, எதை எதோடு சேர்ப்பது என்பதை நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்வோம். இங்கே ஒன்று முடிந்தால்தான் இன்னொன்று. நடுவில் நான் பருப்புச் சோற்றுக்கு ஷுக்தோ இன்னும் கொஞ்சம் கேட்டபோது, பக்கத்து இலைக்காரர் தன் கையைக் கழுவப் போனவர் திரும்பி நின்று பார்த்தார்.

ஆட்டுக்கறி தீர்ந்திருந்தது. சித்தல் மீன் தீர்ந்திருந்தது. ஹில்சா என்கிற இலீஷ் ஒரே ஒரு துண்டு இருந்தது. மழைக்காலம்தான் இதற்குப் பருவம், கடலிலிருந்து ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு முட்டையிட வரும்போது கொழுப்பு ஏறியிருக்கும். கடுகை அரைத்து, பச்சைமிளகாய் கீறிப் போட்டு, மேலே பச்சைக் கடுகெண்ணெய் ஊற்றி வேகவைத்தது. வாயில் வைத்ததும் கடுகு மூக்கின் உச்சிவரை ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்குப் பின்னால் மெதுவாக மீனின் நெய் வந்தது. ஐப்பசியில் நம் தாமிரபரணிக் கெண்டையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி ஒரு மீனை நான் சாப்பிட்டதில்லை.

முள் விஷயம் எல்லோரும் எச்சரித்ததுதான். இலீஷின் முள் மயிர்போல் மெல்லிசு, கிளை கிளையாக உள்ளே ஒளிந்திருக்கும். வங்காளிகள் வாய்க்குள்ளேயே நாக்கால் பிரித்து, பேசிக்கொண்டே ஓரத்தில் துப்பிவிடுகிறார்கள். மூன்றாவது கவளத்தில் எனக்குத் தொண்டையின் இடதுபக்கம் குத்தியது. இருமினேன். தண்ணீர் குடித்தேன். நகரவில்லை. அவ்வளவுதான், முழுக் கூடமும் என் தொண்டைக்குப் பொறுப்பேற்றுக்கொண்டது. பரிமாறுகிறவர் வெறும் சோற்றை இறுக்கி உருட்டி, மெல்லாமல் விழுங்கச் சொன்னார். இது நம் ஊர் வைத்தியமும்தான், விழுங்கினேன். போகவில்லை. ஒரு பெரியவர் வாழைப்பழம் வாங்கிவர ஆள் அனுப்பினார், அதுவும் தண்ணீரில் இறங்கி. இன்னொருவர் எலுமிச்சையைக் கடித்துச் சாற்றை விழுங்கு, முள் கரையும் என்றார். அதற்கு எதிர்வரிசையில் ஒரு கல்லூரிப் பெண், அதெல்லாம் கரையாது, மருத்துவக் கல்லூரி பக்கத்தில்தான் இருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னாள். மருத்துவக் கல்லூரி கட்சிக்கும் எலுமிச்சைக் கட்சிக்கும் வாக்குவாதம் முற்றிக்கொண்டிருக்கும்போதே வாழைப்பழம் வந்தது. பாதிப் பழத்தோடு முள் இறங்கியது. யாரோ கைதட்டினார்கள். மிச்ச மீனை விட்டுவிடுவேன் என்று நினைத்து இலையை எடுக்க வந்தவரைக் கையைக் காட்டி நிறுத்தினேன். அதற்கும் கைதட்டினார்கள்.

கடைசியில் தக்காளியும் பேரீச்சையும் போட்ட இனிப்புச் சட்னி, அப்பளம். கணக்கு ஒப்பித்தார்: சோறு, ஷுக்தோ, பருப்பு, பொரியல், இலீஷ், சட்னி, அப்பளம், இலை, எலுமிச்சை. வாழைப்பழம் கணக்கில் வரவில்லை. ஃபோன் செத்துப்போனதால் ஸ்கேன் செய்து கட்ட வழியில்லை. கைப்பைக்குள் இருந்த நோட்டுகள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கல்லாக்காரர் அவற்றைப் பிரித்து, மேசையில் தட்டி ஒட்டவைத்துக் காயப்போட்டுவிட்டு, மீதிச் சில்லறையைக் காய்ந்த நோட்டாகக் கொடுத்தார்.

நாலு மணிக்கு, டீக்கடைக்காரர் சொன்னபடியே, தெரு வடிய ஆரம்பித்தது.

நடைபாதையில் ஒருவரிடம் ரோஸ் நிற ரப்பர் செருப்பு வாங்கி மாட்டிக்கொண்டு, மகாத்மா காந்தி ரோடு நிலையத்தில் மெட்ரோ ஏறி, ஷோபாபஜாரில் இறங்கினேன். மேப் இல்லாததால் கேட்டுக் கேட்டுத்தான் குமார்டுலி. கேட்ட மூவரும் மூன்று திசை காட்டினார்கள், மூன்றுமே போய்ச் சேர்ந்தன. துர்கா பூஜைக்கு இன்னும் வாரங்கள் இருக்கின்றன, சந்து முழுக்க தலையில்லாத தேவிகள். மூங்கிலும் வைக்கோலும் கட்டி உடம்பு, அதன்மேல் ஆற்று மண் பூச்சு, விரல்கள் தனியாக ஒரு தட்டில் வரிசையாகக் காய்கின்றன. இந்த மழை அவர்களுக்குத்தான் பெரிய தொல்லை. மண் காயவில்லை என்றால் வண்ணம் ஏறாது. எரிவாயு விளக்கின் தீயை மகிஷன் முதுகில் காட்டிக் காட்டி ஒருவர் காயவைத்துக்கொண்டிருந்தார். யுனெஸ்கோ 2021இல் கொல்கத்தா துர்கா பூஜையைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து கேமராவோடு வருகிறவர்கள் அதிகம் போல. படம் எடுக்கக் காசு கேட்டு ஒரு பலகையே மாட்டியிருந்தது. செத்த ஃபோனைக் காட்டினேன். "அப்போ சும்மா பாருங்க" என்பதுபோல் நகர்ந்து வழிவிட்டார். ஒரு பட்டறையில் சிங்கத்துக்குப் பிடரி வைத்துக்கொண்டிருந்த பையன், சரியாக வந்திருக்கிறதா என்று என்னைக் கேட்டான். இடதுபக்கம் கொஞ்சம் கம்மி என்றேன். யோசித்துவிட்டு, இடதுபக்கம் சுவரோரம் வரும், யாரும் பார்க்க மாட்டார்கள் என்றான்.

ஆறேகாலுக்கெல்லாம் இருட்டிவிட்டது. தெருமுனையில் ஃபுச்கா. பானிபூரி என்று சொன்னால் இங்கே சண்டைக்கு வருவார்கள். உருளைக்கிழங்கை கறுப்புக் கொண்டைக்கடலையோடும் பச்சைமிளகாயோடும் பிசைந்து, புளித்தண்ணீரில் முக்கி, தொன்னையில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போகிறார். காரம் எப்படி என்று கேட்டார். திண்டுக்கல்காரி, நம் காரத்தைப் பார்த்தவள் என்ற திமிரில் "நிறைய" என்றேன். காலையில் சுட்ட நாக்கு, மதியம் குத்திய தொண்டை, ரெண்டும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன. கடைசியில் தண்ணீர் இல்லாத ஒன்றைக் காசில்லாமல் கொடுப்பது வழக்கம். அதை வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் பேச்சு வந்தது.

காளிகாட் திரும்பும்போது பசியே இல்லை. இருந்தாலும் மண்சட்டியில் உறைந்த மிஷ்டி தோய் ஒன்று வாங்கி, விடுதிப் படியில் உட்கார்ந்து மரக் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டேன். கருகவிட்ட சர்க்கரையின் நிறம், மேலே ஏடு. தொண்டைக்கு அதைவிட நல்ல மருந்து இன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

நாளை இந்திய அருங்காட்சியகம் என்று வைத்திருந்தேன். திங்கட்கிழமை அதற்கு விடுமுறை என்று விடுதி மேலாளர் இப்போதுதான் சொன்னார். அதனால் காலையில் பக்கத்திலேயே லேக் மார்க்கெட். தமிழர்கள் தலைமுறைகளாக இருக்கிற பகுதி, வாழைப்பூவும் கறிவேப்பிலையும் காபித்தூளும் கிடைக்கும் என்கிறார்கள். பிறகு ஹவுராவிலிருந்து படகு. காபிக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மேலாளரிடம் ரெண்டு தரம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். செருப்பு ரோஸ் நிறம்தான், பழகிக்கொள்ள வேண்டும்.